ஒரே நாற்றம், வேறு வேறு வம்சம்: ரஃப்லேசியாவும் டைட்டன் ஏரமும்

மாணவர்களே, உலகின் மிகப் பெரிய பூ எது என்று புதிர்ப் போட்டியில் கேட்டால், உங்களில் பலர் தயங்காமல் 'ரஃப்லேசியா' என்று சொல்வீர்கள். அதன் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்கும். சிலர், காட்டுத் தரையில் விரிந்து கிடக்கும், வெண்புள்ளிகள் கொண்ட செந்நிற ஐந்திதழ்ப் பூவைக் காட்டுவார்கள். வேறு சிலர், ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும், நடுவில் தூண் போன்ற ஒன்றைக் கொண்ட பூவைக் காட்டுவார்கள். முதலில் சொன்னதுதான் ரஃப்லேசியா. இரண்டாவதன் பெயர் டைட்டன் ஏரம்.

குழம்புவதில் வியப்பில்லை. இரண்டுமே சுமத்ரா காட்டில் வளர்பவை; இரண்டும் மிகப் பெரியவை; இரண்டும் பச்சை இறைச்சியின் நிறம் கொண்டவை; இரண்டும் அழுகிய பிணம்போல் நாறுபவை. இந்தோனேசியாவில் பேச்சு வழக்கில் இரண்டையுமே 'புங்ஙா பங்காய்' என்று அழைப்பவர்கள் உண்டு. 'புங்ஙா' என்றால் பூ, 'பங்காய்' என்றால் பிணம் என்று மலாய் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இவை இரண்டும் அண்ணன் தம்பிகளா? இல்லை. பூக்கும் தாவரங்களில் இவற்றைவிடத் தூரமான உறவு கொண்ட ஜோடியைத் தேடுவது கொஞ்சம் கடினம். அது எப்படித் தெரியும், தெரிந்து என்ன பயன் என்பதுதான் இந்த வாரப் பாடம்.

ஒரே தீவு, இரண்டு கண்டுபிடிப்புகள்

1818-ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் வணிகத் துறைமுகம் அமைப்பதற்கு முந்திய ஆண்டு. ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் அப்போது சுமத்ராவின் பெங்கூலு பகுதியில் ஆளுநராக இருந்தார். அவருடன் உள்நாட்டுப் பயணம் போனவர்களில் ஜோசப் ஆர்னால்ட் என்ற மருத்துவரும் ஒருவர். குழுவில் இருந்த ஒரு மலாய்ப் பணியாளர்தான் அந்தப் பெரிய பூவை முதலில் பார்த்து ஆர்னால்டை அழைத்தார். அளந்தபோது அதன் குறுக்களவு ஏறக்குறைய ஒரு கெஜம், எடை சுமார் 7 கிலோகிராம். அதே ஆண்டில் ஆர்னால்ட் காய்ச்சலில் இறந்துபோனார். பின்னர் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், ராஃபிள்ஸ், ஆர்னால்ட் இருவரின் பெயரையும் சேர்த்து 'ரஃப்லேசியா ஆர்னோல்டி' என்று பெயரிட்டார். பூவை முதலில் கண்ட அந்தப் பணியாளரின் பெயர் அந்தப் பூவின் பெயரில் இடம்பெறவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1878-இல், ஒடோர்டோ பெக்காரி என்ற இத்தாலிய தாவரவியலாளர் அதே சுமத்ராவில் இன்னொரு பேருருவைக் கண்டார். அதன் அறிவியல் பெயர் 'அமோர்ஃபோபாலஸ் டைட்டானம்'. பெக்காரி அனுப்பிய விதைகளிலிருந்து வளர்ந்த செடி, 1889-இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பூத்தது.

ரஃப்லேசியா: பூ மட்டுமே தெரியும் தாவரம்

ரஃப்லேசியாவுக்கு இலை கிடையாது. தண்டு கிடையாது. வேரும் கிடையாது. பச்சையம் இல்லாததால் ஒளிச்சேர்க்கையும் இல்லை. பிறகு எப்படி வாழ்கிறது? அது ஒரு முழு ஒட்டுண்ணி. 'டெட்ராஸ்டிக்மா' என்ற காட்டுக் கொடியின் உடலுக்குள் மெல்லிய இழைகளாகப் பரவி, அந்தக் கொடியின் நீரையும் உணவையும் எடுத்துக்கொள்கிறது. டெட்ராஸ்டிக்மா, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. நம் வீட்டில் துவையல் அரைக்கும் பிரண்டையும் அதே குடும்பம்தான்.

ஆண்டின் பெரும்பகுதி ரஃப்லேசியா இருப்பதே வெளியில் தெரியாது. பூக்கும் காலத்தில்தான் கொடியின் பட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மொட்டு வெளிவரும். அது முட்டைக்கோஸ் அளவுக்குப் பருக்கப் பல மாதங்கள் ஆகும். விரிந்த பூவோ ஒரு வாரம்கூடத் தாங்காது, கறுத்துக் குழைந்துவிடும்.

பெரும்பாலான ரஃப்லேசியா இனங்களில் ஒரு பூ ஆணாக இருக்கும் அல்லது பெண்ணாக இருக்கும். பூவின் நடுவே கிண்ணம் போன்ற பள்ளமும் அதற்குள் முட்கள் கொண்ட ஒரு தட்டும் உள்ளன. நாற்றத்தை நம்பி வரும் ஈ, முட்டையிட இடம் தேடிக் கிண்ணத்துக்குள் இறங்கும். ஆண் பூவில், தட்டின் அடிப்பக்கத்திலிருந்து பசைபோன்ற மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். அதே ஈ, அதே நாள்களில் அருகில் விரிந்திருக்கும் ஒரு பெண் பூவுக்கும் ஏமாந்து போனால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். அரிதாகவும் சில நாள்களுக்கு மட்டுமே பூக்கும் தாவரத்துக்கு இது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

டைட்டன் ஏரம்: ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம்

டைட்டன் ஏரம் ஒட்டுண்ணி அல்ல. மண்ணுக்கடியில் அதற்குச் சொந்தமாக ஒரு கிழங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் வளர்ந்த ஒரு கிழங்கு 150 கிலோகிராமுக்கும் மேல் எடை இருந்தது. பெரும்பாலான காலம் இந்தத் தாவரம் ஒரே ஓர் இலையை மட்டும் மேலே அனுப்பும். ஒற்றை இலை என்று சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அது 6 மீட்டர் வரை உயர்ந்து, குடைபோல் கிளைத்து, பார்ப்பதற்கு ஒரு சிறு மரம் போலவே இருக்கும். அந்த இலை ஒளிச்சேர்க்கை செய்து உணவைக் கிழங்கில் சேமித்த பின் காய்ந்துவிடும். சற்று ஓய்வுக்குப் பின் மறுபடியும் ஓர் இலை. இப்படிப் பல ஆண்டுகள் சேமித்த பிறகே முதல்முறை பூக்கும்.

அது பூக்கும்போது நாம் பார்க்கும் 3 மீட்டர் உயர அமைப்பு ஒரு தனிப் பூ அல்ல. அது ஒரு மஞ்சரி, அதாவது பூக்களின் தொகுப்பு. நடுவில் நிற்கும் தூணின் அடியில், கண்ணுக்கு மறைவாக, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும். கீழே பெண் பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள். சுற்றிலும் பாவாடைபோல் விரியும் செந்நிறப் பகுதி இதழ் அல்ல, பாளை. தென்னை மரத்தில் பூங்கொத்தை மூடியிருக்கும் பாளையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இதுவும் உருமாறிய ஓர் இலைதான்.

முதல் இரவில் பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். அப்போது நடுத்தூண் ஏறக்குறைய மனித உடலின் வெப்பநிலைக்குச் சூடேறும். அந்தச் சூடு நாற்றத்தைத் தொலைவுக்குப் பரப்ப உதவுகிறது. பிணத்தைத் தேடும் வண்டுகளும் ஈக்களும் வந்து சேரும். அதற்குப் பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தத்தை வெளியிடும். தன் மகரந்தம் தன் பெண் பூக்களிலேயே விழாமல் இருக்க இந்தக் கால இடைவெளி உதவுகிறது. இரண்டு நாள்களில் எல்லாம் முடிந்து பாளை சுருங்கிவிடும்.

ஆகவே புதிர்ப் போட்டியில் உங்கள் விடை இப்படி இருக்கட்டும்: உலகின் மிகப் பெரிய தனிப் பூ ரஃப்லேசியா ஆர்னோல்டி, கிளைக்காத மஞ்சரிகளில் மிகப் பெரியது டைட்டன் ஏரம். 'கிளைக்காத' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஏனெனில் கிளைத்த மஞ்சரிகளில் இதைவிடப் பெரியது தாளிப்பனையுடையது. அந்தப் பனையின் ஓலையும் ஏடு எழுதப் பயன்பட்டது.

ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

இரண்டு பேர் ஒரே மாதிரிச் சீருடை அணிந்திருந்தால், அவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்வோமா? ஒரே பள்ளியில் படிக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். தாவரங்களிலும் இப்படித்தான். ரஃப்லேசியாவுக்கும் டைட்டன் ஏரத்துக்கும் வேலை ஒன்று. மழைக்காட்டில் பிணத்தைத் தேடி அலையும் பூச்சிகளை, தேன் எதுவும் கொடுக்காமல், ஏமாற்றி வரவழைக்க வேண்டும்.

அந்த வேலைக்கு என்ன தேவை? இறைச்சி நிறம் தேவை. பெரிய விலங்கின் உடல்போலத் தோன்றப் பேருருவம் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம் தேவை. இறைச்சி அழுகும்போது கந்தகம் கலந்த சில சேர்மங்கள் வெளியாகின்றன. அதே வகைச் சேர்மங்களை இவ்விரு தாவரங்களும் தாமே தயாரித்து வெளியிடுகின்றன.

இந்தப் பண்புகளை இவை ஒரு பொதுவான மூதாதையரிடமிருந்து பெறவில்லை. இவற்றின் வம்சங்கள் 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. பிறகு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில், ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தன. இதைக் குவி பரிணாமம் என்கிறோம். வௌவாலின் சிறகும் பட்டாம்பூச்சியின் சிறகும் பறக்கப் பயன்பட்டாலும் அமைப்பில் வேறுபடுவது உங்களுக்குத் தெரியும். அவை செயல் ஒத்த உறுப்புகள். ரஃப்லேசியாவின் செந்நிற மடல்கள் ஒரு பூவின் இதழ்ப்பகுதி. டைட்டன் ஏரத்தின் செந்நிறப் பாவாடையோ உருமாறிய இலை. இவையும் செயல் ஒத்த உறுப்புகளே. அமைப்பு ஒத்த உறுப்புகள் அல்ல.

பாடநூல் அட்டவணை கைவிடும் இடம்

ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று இரண்டாகப் பிரிக்கும் அட்டவணையை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒருவித்திலைத் தாவரத்துக்கு இணைப்போக்கு நரம்பு, சல்லிவேர், மூன்றின் மடங்கில் பூவிதழ்கள். இருவித்திலைத் தாவரத்துக்கு வலைப்பின்னல் நரம்பு, ஆணிவேர், நான்கு அல்லது ஐந்தின் மடங்கில் பூவிதழ்கள். இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நம் இரு தாவரங்களையும் சோதிப்போம்.

டைட்டன் ஏரத்தின் இலை நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். அட்டவணைப்படி அது இருவித்திலைத் தாவரம் ஆக வேண்டும். ஆனால் அது உண்மையில் ஒருவித்திலைத் தாவரம். சேம்புக் குடும்பத்தில் இத்தகைய நரம்பமைப்பு பரவலாக உண்டு.

ரஃப்லேசியாவின் நிலைமை இன்னும் மோசம். நரம்பைப் பார்க்க இலை இல்லை. வேரைப் பார்க்க வேர் இல்லை. வித்திலையை எண்ணலாம் என்றால், தூசிபோன்ற அதன் விதைக்குள் இருக்கும் கரு சில செல்களால் ஆனது, வித்திலைகளே உருவாவதில்லை. மிஞ்சுவது ஐந்து மடல்கள் மட்டுமே. அதனால்தான் ராபர்ட் பிரவுன் காலத்திலிருந்து ஏறக்குறைய 180 ஆண்டுகள், இந்தத் தாவரத்தை எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்று தாவரவியலாளர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மரபணு ஆய்வு வந்த பிறகும் சிக்கல் உடனே தீரவில்லை. தாவர உறவுகளைக் கண்டறிய வழக்கமாகப் பசுங்கணிகத்தின் மரபணுக்களை ஒப்பிடுவார்கள். ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட ரஃப்லேசியாவில் அந்த வழி உதவவில்லை. ஆகவே இழைமணியின் மரபணுக்களை எடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் வெளியான ஆய்வுகளில் ஒரு வேடிக்கையான முடிவு கிடைத்தது. ஒரு மரபணு, ரஃப்லேசியா திராட்சைக் குடும்பத்துக்கு உறவு என்று காட்டியது. வேறு மரபணுக்களோ ஆமணக்கு முதலியவை அடங்கும் பெரும்பிரிவைக் காட்டின.

எது உண்மை? ரஃப்லேசியா யாருடைய உடலில் வாழ்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திராட்சைக் குடும்பக் கொடிக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், அந்தக் கொடியின் மரபணு ஒன்று ஒட்டுண்ணிக்குள் புகுந்துவிட்டது. பெற்றோரிடமிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்த மரபணு அது. ஒரே ஒரு சாட்சியை மட்டும் நம்பியிருந்தால் அறிவியலாளர்கள் தவறான முடிவுக்குப் போயிருப்பார்கள். பல மரபணுக்களை ஒப்பிட்டதால் தப்பினார்கள். 2007-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டேவிஸும் அவருடைய குழுவினரும் ரஃப்லேசியாவின் இடத்தை மேலும் நெருக்கமாகக் குறித்தார்கள். அது ஆமணக்குக் குடும்பத்தின் வம்சத்திலிருந்தே கிளைத்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆமணக்குக் குடும்பத்தின் பூக்கள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அத்தகைய சிறு பூ கொண்ட மூதாதையரிடமிருந்து, சுமார் 4.6 கோடி ஆண்டுகளில், பூவின் குறுக்களவு ஏறக்குறைய 79 மடங்கு பெருகியது என்று அக்குழு கணக்கிட்டது.

நமக்குத் தெரிந்த சொந்தங்கள்

ஆமணக்குக் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? மரவள்ளி இருக்கிறது. பால்மரம் என்று நம் தாத்தா பாட்டிகள் அழைத்த ரப்பர் மரம் இருக்கிறது. மலாயாவின் தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் சீவிய அந்த மரமும், காட்டுத் தரையில் கிடக்கும் ரஃப்லேசியாவும் நெருங்கிய சொந்தங்கள்.

டைட்டன் ஏரத்தின் சொந்தம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. சேனைக்கிழங்கு அதே 'அமோர்ஃபோபாலஸ்' பேரினத்தைச் சேர்ந்தது. சேனையும் அவ்வாறே ஒற்றை இலை விடும். செங்கருநிற மஞ்சரி விடும். பூக்கும்போது நாறவும் செய்யும். சேம்பும் வீட்டுக்குள் வளர்க்கும் 'மணி பிளாண்ட்' கொடியும் அதே குடும்பத்தின் உறுப்பினர்கள்.

ஆக, ரஃப்லேசியாவுக்கு டைட்டன் ஏரத்தைவிடப் பால்மரம் நெருங்கியது. டைட்டன் ஏரத்துக்கு ரஃப்லேசியாவைவிடச் சேனைக்கிழங்கு நெருங்கியது. கண்ணும் மூக்கும் சொல்வது ஒன்று. வம்சம் சொல்வது வேறொன்று.

ஒப்பீடு: ஒரே பார்வையில்

- பிரிவு: ரஃப்லேசியா இருவித்திலைத் தாவரம், டைட்டன் ஏரம் ஒருவித்திலைத் தாவரம்.
- நெருங்கிய குடும்பம்: முன்னதற்கு ஆமணக்குக் குடும்பம், பின்னது சேம்புக் குடும்பம்.
- உணவு: முன்னது முழு ஒட்டுண்ணி, பின்னது ஒளிச்சேர்க்கை செய்து கிழங்கில் சேமிக்கும்.
- நாம் காணும் 'பூ': முன்னது ஒரு தனிப் பூ, பின்னது நூற்றுக்கணக்கான பூக்கள் கொண்ட மஞ்சரி.
- செந்நிறப் பகுதி: முன்னதில் இதழ்ப்பகுதி, பின்னதில் பாளை.
- ஆண், பெண்: முன்னதில் பெரும்பாலும் தனித்தனிப் பூக்கள், தனித்தனி இடங்கள், பின்னதில் ஒரே தூணில் இரண்டும், வெவ்வேறு நேரம்.
- விரிந்திருக்கும் காலம்: முன்னது ஒரு வாரத்துக்குள், பின்னது ஏறக்குறைய இரண்டு நாள்.
- ஒற்றுமை: நிறம், நாற்றம், பேருருவம், ஏமாறும் பூச்சிகள்.

காப்பாற்றும் வழியும் வேறு

இந்த வேறுபாடுகள் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. இரண்டு தாவரங்களும் இன்று அழிவின் ஆபத்தில் இருக்கின்றன. இரண்டையும் 'பிணப்பூ' என்று ஒரே பெட்டியில் போட்டால், ஒன்றைக் காப்பாற்றும் முறையை மற்றதற்கும் பயன்படுத்தித் தோற்றுப்போவோம்.

டைட்டன் ஏரத்துக்குச் சொந்தக் கிழங்கு உண்டு, சொந்த இலை உண்டு. ஆகவே வெப்பக் கண்ணாடி வீட்டில் அதை வளர்க்கலாம். உலகின் பல தாவரவியல் பூங்காக்கள் வளர்த்துக்கொண்டும் இருக்கின்றன. காட்டில் அதன் எண்ணிக்கை குறைந்தாலும், பூங்காக்கள் ஓரளவு காப்பகமாக இருக்கும். ஆனால் அதன் சிவந்த பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பும் இருவாய்ச்சிப் பறவைகள் காட்டில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

ரஃப்லேசியாவைத் தொட்டியில் நட முடியாது. ஏனெனில் நடுவதற்கு எதுவுமே இல்லை. டெட்ராஸ்டிக்மா கொடி வேண்டும். அந்தக் கொடி ஏறப் பெரிய மரங்கள் வேண்டும். ஆண் பூவும் பெண் பூவும் ஈ பறக்கும் தொலைவில் வேண்டும். இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்கா, ரஃப்லேசியா வாழும் கொடியை ஒட்டுக்கட்டி, அரிய முயற்சியால் ஓர் இனத்தைப் பூக்க வைத்திருக்கிறது. அது விதிவிலக்கு. பொதுவாக ரஃப்லேசியாவைக் காப்பது என்றால் காட்டைக் காப்பது என்றே பொருள்.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அறியப்பட்ட 42 ரஃப்லேசியா இனங்களில் 25 இனங்கள் மிக மோசமான அழிவாபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றின் வாழிடங்களில் 67 விழுக்காட்டுக்குமேல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே உள்ளன. மொட்டுகளை நாட்டு மருந்துக்காகப் பறிப்பதும் ஒரு பிரச்சினை. நல்ல செய்தியும் உண்டு. பேராக்கின் கோப்பெங் அருகே உலு கெரோவில் செமாய் பூர்வகுடி மக்களும், சபாவின் போரிங் வட்டாரத்தில் நில உரிமையாளர்களும், பூக்கும் இடங்களைப் பாதுகாத்துப் பார்வையாளர்களை வழிநடத்தி வருகிறார்கள். பூ உயிரோடு இருந்தால் வருமானம் என்ற நிலை வந்தால், மொட்டைப் பறிக்கும் கை குறையும். நீங்கள் அங்கே போனால், வழிகாட்டி காட்டும் பாதையைவிட்டு விலகாதீர்கள். தரையில் கிடக்கும் கொடியை மிதித்தால், உள்ளே இருக்கும் ரஃப்லேசியாவையும் சேர்த்து மிதித்துவிடுவீர்கள்.

செய்து பாருங்கள்

காட்டுக்குப் போக முடியாதவர்களும் இந்தப் பாடத்தை வீட்டுத் தோட்டத்தில் படிக்கலாம்.

1. 'ஆந்தூரியம்' செடி ஒன்றைத் தேடுங்கள். அதன் பளபளப்பான சிவப்புப் பகுதி இதழா, பாளையா? நடுவில் உள்ள தண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, சிறு பூக்களைக் கண்டுபிடியுங்கள். இது டைட்டன் ஏரத்தின் குடும்பம்.

2. கிறிஸ்துமஸ் காலத்தில் விற்கும் 'பாய்ன்செட்டியா' செடியைப் பாருங்கள். அதன் சிவப்புப் பகுதிகள் எவை? உண்மையான பூக்கள் எங்கே? இது ஆமணக்குக் குடும்பம். செடியிலிருந்து வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சேம்பு இலை, வாழை இலை, செம்பருத்தி இலை மூன்றின் நரம்புகளையும் வரைந்து ஒப்பிடுங்கள். இவற்றில் அட்டவணைக்கு ஒத்துவராதது எது? சேம்பைத் தொடும்போது கையுறை அணியுங்கள். அதன் சாறு அரிப்பைத் தரும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

அ. ஆந்தூரியத்தின் சிவப்புப் பாளையும் பாய்ன்செட்டியாவின் சிவப்புப் பகுதியும் இரண்டுமே உருமாறிய இலைகள். அப்படியிருந்தும் இவ்விரு தாவரங்களும் நெருங்கிய உறவினர் அல்ல. இதை எப்படி விளக்குவீர்கள்?

ஆ. ஒரே ஒரு மரபணுவை மட்டும் வைத்து ஒரு தாவரத்தின் உறவைத் தீர்மானிப்பது ஏன் ஆபத்தானது? ரஃப்லேசியாவைச் சான்றாகக் கொண்டு நான்கு வரிகளில் எழுதுங்கள்.

இ. ஒரு காட்டில் எல்லா ரஃப்லேசியா மொட்டுகளையும் வேலியிட்டுக் காத்து, சுற்றியுள்ள பெரிய மரங்களை மட்டும் வெட்டினால் என்ன ஆகும்? படிப்படியாகக் காரணம் காட்டுங்கள்.